ஓடுகிற டிவிடி எல்லாம் நல்ல டிவிடியா?

வீட்டில் எழுதிய டிவிடி கெட்டால் பெரும்பாலும் வால் பக்கம்தான் முதலில் கெடும். கல்யாண டிவிடியைப் போட்டால் மாப்பிள்ளை அழைப்பு வரும், முகூர்த்தம் வரும், பந்தி வரும். நலங்கு வருகிற நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும், நாதஸ்வரம் திக்கும், பிளேயர் அப்படியே நின்றுவிடும். எடுத்துத் துடைத்துப் போட்டாலும் அதே நலங்கில்தான் நிற்கும். பிளேயர் லென்ஸில் அழுக்கு என்று ஒருவர் சொல்வார், தகடு மட்டம் என்று இன்னொருவர் சொல்வார். யார் சொல்வது சரி என்று ஊகிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே போதும். நோய் எது என்று தகடே சொல்லிவிடும்.

உள்ளிருந்து வெளியே

கிராமபோன் இசைத்தட்டில் ஊசி வெளி விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வரும். டிவிடியில் நேர் எதிர். லேசர் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 58 மில்லிமீட்டர் வரைக்கும் ஒரே சுருள் பாதை. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஏறத்தாழ நூறு சுற்றுகளை அடுக்கிவிடலாம். இந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வரும்.

தகடு நிறையும்படி எழுதினால் படத்தின் கடைசிப் பகுதி விளிம்பில் போய் உட்காரும். விளிம்புதான் தகட்டிலேயே பலவீனமான இடம். தயாரிப்பில் சாயத்தை நடுவில் ஊற்றித் தகட்டைச் சுழற்றித்தான் பரப்புகிறார்கள். அந்தப் பூச்சு சீராக இல்லாமல் போவது ஓரத்தில்தான் அதிகம். தகடு இம்மியளவு வளைந்திருந்தாலும் அந்த வளைவு பெரிதாகத் தெரிவது ஓரத்தில். கைரேகை படிவதும் ஓரத்தில்.

இதற்கெல்லாம் மேலே வேகம் வேறு இருக்கிறது. 16எக்ஸ் என்று போட்டு எழுதும்போது ரைட்டர் முழுத் தகட்டையும் அந்த வேகத்தில் எழுதுவதில்லை. பெரும்பாலான ரைட்டர்கள் சுழற்சியை ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. உள்பக்கம் 6எக்ஸ், 7எக்ஸ் அளவில் ஆரம்பிக்கும் வேகம், விளிம்பை நெருங்கும்போதுதான் 16ஐத் தொடுகிறது. அப்போது தகடு நிமிடத்துக்கு 9,000 முறைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும். அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் லேசரைக் கடந்து ஓடும். தகட்டின் மிகப் பலவீனமான பகுதியில்தான் மிக அதிக வேகத்தில் எழுதுகிறோம். நலங்கு நின்றுபோவதில் வியப்பில்லை.

தகட்டை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால் எழுதிய பகுதி ஒரு நிறத்திலும் எழுதாத பகுதி இன்னொரு நிறத்திலும் தெரியும். நடுவே கோடு போட்டது போல எல்லை இருக்கும். அந்த எல்லை விளிம்பை ஒட்டி இருந்து, படமும் கடைசியில் நின்றால், குற்றவாளி விளிம்புதான். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும் தகடு கணினிக் கணக்கில் 4.38 ஜிபிதான். அதிலும் கடைசி 300, 400 எம்பியைக் காலியாக விட்டு, 8எக்ஸில் எழுதினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது.

8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தகட்டில் கதை கொஞ்சம் மாறும். திரைப்படம் எழுதும்போது முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாம் அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும். அப்படியானால் விளிம்பில் இருப்பது படத்தின் நடுப்பகுதி. படம் சரியாகப் பாதியில் திக்கி, பிறகு தானாகத் தெளிந்தால் இதுதான் காரணம்.

இன்னும் சில அறிகுறிகள்: எங்கோ ஒரே இடத்தில் மட்டும் தவறாமல் தடுக்கினால் கீறல். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தடுக்கினால், வேறு தகடுகளுக்கும் அதே கதி என்றால், பிளேயர். எழுதிய ரைட்டரில் ஓடி, மற்ற எதிலும் ஓடவே இல்லை என்றால், எழுதி முடித்தபின் தகட்டை மூடாமல் விட்டிருக்கலாம். பைனலைஸ் என்று மெனுவில் இருப்பது அதுதான். அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ தகடு பழைய பிளேயரில் ஏறாமல் போவதற்குக் காரணம் ஒளி. சாதாரணத் தகடு குறைந்தது 45 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 18 முதல் 30 விழுக்காடுதான். அந்த மங்கலைப் பழைய பிளேயர் புரிந்துகொள்வதில்லை.

சாயத்தில் விழும் சூடு

கடையில் வாங்கும் படத்தின் டிவிடியில் தகவல் குழிகளாக இருக்கிறது. அச்சில் வைத்து அழுத்திய குழிகள். பிளாஸ்டிக் இருக்கும் வரை அவையும் இருக்கும். நாம் எழுதும் தகட்டில் குழி கிடையாது. 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளை ஒட்டியிருப்பார்கள். நடுவே ஊதா நிறச் சாயம், அதன் பின்னால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம். எழுதும்போது லேசர் பல மடங்கு வலுவாகி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும், சுடாத இடம் அதிகமாகத் திருப்பும். இந்த வேறுபாட்டைத்தான் பிளேயர் படிக்கிறது.

நுணுக்கம் சுட்ட தழும்பின் நீளத்தில் இருக்கிறது. நீளங்கள் ஓர் அலகின் மடங்குகளாக அமைந்தவை. அந்த அலகு 133 நானோமீட்டர். மிகச் சிறிய தழும்பு மூன்று அலகு, அதாவது 400 நானோமீட்டர். அதைச் சுடும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650. தன் அலைநீளத்தைவிடச் சிறிய அடையாளத்தை ஒளி இட்டுச் செல்கிறது! மூன்று அலகுத் தழும்பு அரை அலகு நீண்டுவிட்டால் அது மூன்றா நான்கா என்று பிளேயர் குழம்பும். அரை அலகு என்பது ஒரு கொரோனா வைரஸின் அகலம்கூட இல்லை. 16எக்ஸில் ஓர் அலகைக் கடக்க லேசருக்குக் கிடைக்கும் நேரம் 2.4 நானோ நொடி. அந்த நேரத்துக்குள் ஒளியே முக்கால் மீட்டர்தான் போக முடியும்.

சூடு இதில் இன்னொரு குறும்பு செய்கிறது. நீளமான தழும்பை ஒரே சீராகச் சுட்டால், சூடு சேர்ந்து சேர்ந்து வால் பக்கம் தழும்பு வீங்கிவிடும். அதனால் ரைட்டர் லேசரைத் தொடக்கத்தில் வலுவாகவும் இடையில் தணித்தும் முடிவில் சரியாக வெட்டியும் இயக்குகிறது. எவ்வளவு வலு, எங்கே தணிப்பது என்பது சாயத்துக்குச் சாயம் மாறும். எந்தச் சாயத்துக்கு எந்த முறை என்ற பட்டியல் ரைட்டருக்குள் பதிந்திருக்கிறது. வெற்றுத் தகட்டின் பாதையிலேயே தயாரித்த தொழிற்சாலையின் குறியீடு ரகசியமாக அச்சாகியிருக்கும். ரைட்டர் அதைப் படித்து, பட்டியலில் தேடி, தகட்டின் உள்ஓரத்தில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் சில முறை சுட்டுப் பார்த்து, லேசரின் வலுவை முடிவு செய்த பிறகே எழுத ஆரம்பிக்கும்.

குறியீடு பட்டியலில் இல்லாவிட்டால் பொத்தாம்பொதுவான ஒரு முறையில் எழுதும். நல்ல ரைட்டரும் நல்ல தகடும் சேர்ந்து மோசமாக எழுதுவது இப்படித்தான். அந்தப் பட்டியல் இருக்கும் ரைட்டரின் பர்ம்வேரைப் புதுப்பித்ததும் அதே தகடு நன்றாக எழுதுவதும் இதனால்தான். அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்பிப் பயனில்லை; ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகள் இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து வந்திருக்கலாம். பிறர் குறியீட்டைத் திருடிப் போட்ட மட்டத் தகடுகளும் சந்தையில் உலவின. அவற்றில் ரைட்டர் ஒரு சாயம் என்று நம்பி இன்னொரு சாயத்தைச் சுடும்.

வேகத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. 16எக்ஸுக்கென்று செய்த சாயம் வேகமான, கூர்மையான சூட்டுக்குப் பழகியது. அதில் மிக மெதுவாகச் சுட்டால் சூடு பக்கவாட்டில் பரவித் தழும்பின் ஓரம் மழுங்கும். ரைட்டரின் பட்டியலிலும் அந்த வேகத்துக்கு யாரும் மெனக்கெட்டு முறை எழுதியிருக்க மாட்டார்கள். 16எக்ஸ் தகட்டுக்குப் பெரும்பாலும் 8எக்ஸ் நல்ல நடுவழி.

பிழையை விழுங்கும் கணக்கு

இத்தனைக்குப் பிறகும் டிவிடிகள் ஓடுகின்றன என்பதே ஆச்சரியம். பிழையில்லாத டிவிடி உலகில் இல்லை. புத்தம் புதிதாக எழுதிய தகட்டிலும் பிழைகள் மலிந்திருக்கும். அவை நம் கண்ணுக்கு வராமல் தடுப்பது 1960இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் வெளியிட்ட ஒரு முறை. அவர்கள் அதை வெளியிட்டபோது டிவிடியும் இல்லை, சிடியும் இல்லை.

மளிகைக்கடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் கூட்டுத்தொகை, ஒவ்வொரு பத்திக்கும் கூட்டுத்தொகை எழுதியிருக்கிறது. நடுவில் ஓர் எண் எண்ணெய்க்கறை பட்டு மறைந்துவிட்டால், மற்றவற்றைக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். டிவிடி செய்வதும் இதுதான். 32 கிலோபைட் தகவலை, தலைப்புக் குறிப்புகளோடு, 192 வரிசைகளும் 172 பத்திகளுமாக அடுக்குகிறது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 10 பைட், ஒவ்வொரு பத்தியின் அடியிலும் 16 பைட் சரிபார்ப்பு எண்கள். கூட்டுத்தொகையைவிடக் கெட்டிக்கார எண்கள் இவை. ஒரு வரிசையில் ஐந்து பைட் வரை தவறாகப் படித்தாலும் எவை தவறு, சரியானவை எவை என்று இரண்டையும் சொல்லிவிடும். மொத்தமாக 16 வரிசைகள் அழிந்தாலும் பத்திகளின் கணக்கை வைத்து மீட்டுவிடலாம். பாதையில் இது சுமார் 6 மில்லிமீட்டர். இந்தக் காவலுக்காகத் தகவலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் இடம் செலவாகிறது.

தகட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். ஆரத்தின் திசையில் விழும் அரை மில்லிமீட்டர் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் அரை மில்லிமீட்டரைத்தான் கெடுக்கும். ஆறைத் தாங்கும் கணக்குக்கு அது பொருட்டே இல்லை. பாதையோடு சேர்ந்து வட்டமாக விழும் மெல்லிய கீறல் பல மில்லிமீட்டரை ஒரே மூச்சில் அழித்துவிடும். தூசி பெரும்பாலும் தொல்லை செய்யாததற்கு வேறு காரணம். லேசர் கற்றை சாயத்தைத் தொடும் இடத்தில் ஒரு மைக்ரான் அளவு. தகட்டின் மேற்பரப்பில் நுழையும் இடத்தில் அரை மில்லிமீட்டர் அகலம். நடுவே ஒரு தூசு இருந்தால் கொஞ்சம் ஒளி குறையும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கின் பெருமையே அதன் ஆபத்தும். இந்த 32 கிலோபைட் தொகுதிகளில் அடுத்தடுத்த எட்டை, அடியிலுள்ள 16 சரிபார்ப்பு வரிசைகளோடு, சேர்த்து எண்ணினால் 1,664 வரிசைகள் வரும். அவற்றில் 280 வரிசைகள் வரை பிழையோடு இருந்தாலும் டிவிடியின் தர விதி அதைத் தேர்ச்சி என்றே சொல்கிறது. நன்றாக எழுதிய தகட்டில் அந்த எண் இருபதோ முப்பதோ இருக்கலாம். எல்லையில் தொங்கும் தகட்டில் 270 இருக்கலாம். திரையில் இரண்டுக்கும் ஒரு துளி வித்தியாசமும் தெரியாது. படமும் சரி, ஒலியும் சரி, அப்பழுக்கு இருக்காது. கணக்கு தாங்கும் வரை தாங்கும். தாங்காத நாளில் திடீரென்று கட்டம் கட்டமாக உடையும். வீடியோ கேசட்டைப் போல முதலில் மங்கி, பிறகு கோடு விழுந்து, முன்கூட்டியே எச்சரிக்கும் பழக்கம் டிவிடிக்கு இல்லை.

அதனால்தான் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. எழுதி முடித்ததும் வெரிபை செய்வது நல்லதுதான், ஆனால் எழுதிய ரைட்டரே படித்துக் கொடுக்கும் சான்றிதழ் அது. இன்னொரு டிரைவில் முழுத் தகட்டையும் கணினிக்கு நகலெடுத்துப் பாருங்கள். வேகம் சீராக ஏறிக்கொண்டே போனால் தகடு நலம். நடுநடுவே வேகம் விழுந்து, டிரைவ் உறுமி, மீண்டும் பிடித்தால், நகல் முழுதாகக் கிடைத்திருந்தாலும் அந்தத் தகடு எல்லையில் இருக்கிறது. சில டிரைவ்களில், நீரோவின் சிடி-டிவிடி ஸ்பீடு போன்ற மென்பொருள்கள் பிழை எண்ணிக்கையையே வரைபடமாகக் காட்டும்.

தகடு நிரபராதி என்றால்

சில சமயம் தகட்டில் ஒரு குறையும் இருக்காது. படமே மோசமாகப் பதிந்திருக்கும். பிரித்தறிவது எளிது. தகட்டைப் படிக்க முடியாமல் உடையும்போது படமும் ஒலியும் சேர்ந்தே உடையும். படம் மட்டும் கட்டம் கட்டமாகி, ஒலி தெளிவாக ஓடினால், அதுவும் எந்தப் பிளேயரிலும் அதே காட்சியில் அப்படி ஆனால், கோளாறு சுருக்கிப் பதித்த விதத்தில்.

கல்யாணக் கேசட்டை டிவிடி ஆக்கியவர்கள் அட்சதை போடும் காட்சியைப் பார்த்தால் தெரியும். தாலி கட்டும் வரை முகங்கள் தெளிவாக இருக்கும். கெட்டிமேளம் கொட்டி நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கும் கணத்தில் திரையே சதுரங்களாகச் சிதறும். டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 முறை ஒவ்வொரு படச்சட்டத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. பெரும்பாலும் முந்தைய சட்டத்திலிருந்து மாறியதை மட்டும் சேமிக்கிறது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் செலவு குறைவு. அட்சதை பறக்கும்போது ஒரே நேரத்தில் எல்லாம் மாறுகிறது. கையிருப்பு போதாமல், எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களைத் தோராயமாக நிரப்பிவிட்டு நகர்கிறது.

கையிருப்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 4.7 ஜிபியில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட். மூன்று மணி நேரக் கேசட்டை அப்படியே ஏற்றினால் 3.5. இரண்டு கேசட்டை ஒரே தகட்டில் திணித்தால் 1.7. டிவிடி படத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 9.8. பழைய கேசட்டில் கூடவே வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் நிலைமையை இன்னும் கெடுக்கிறது. அந்த இரைச்சல் சட்டத்துக்குச் சட்டம் மாறுவதால், மென்பொருள் அதையும் அசைவு என்று நம்பிச் செலவழிக்கிறது. மணமகளின் முகத்துக்குப் போகவேண்டிய பிட்டுகள் இரைச்சலுக்குப் போகின்றன. இரைச்சலை முன்கூட்டியே வடிகட்டி, ஒரு தகட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று நிறுத்திக்கொண்டால் அதே கேசட் வேறு படம் போலத் தெரியும்.

நடக்கிறவர்கள் முன்னும் பின்னும் உதறுவது போலத் தெரிந்தால் அது வேறு கோளாறு. நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 சட்டங்களை, ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று 50 அரைச் சட்டங்களாகக் காட்டுகிறது. எந்தப் பாதி முதலில் என்பதை மாற்றிப் போட்டுவிட்டால் காலம் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று நடக்கும். மென்பொருளில் ஒரே ஒரு அமைப்பை மாற்றித் திரும்ப எழுதினால் தீர்ந்தது.

சாயம் வெளுக்கும்போது

நன்றாக எழுதிய தகடும் நாளாக ஆக வெளுக்கும். வெயிலும் சூடும் சாயத்தைக் கெடுக்கும். ஈரம் உலோகப் படலத்தையும் ஒட்டுப்பசையையும் கெடுக்கும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, தகடுகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சித்திரை மாதத்துச் சென்னையில், பீரோவின் மேல்தட்டில், இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்காது. வெயில் படாத கீழ்த்தட்டில், பெட்டிக்குள், நிமிர்த்தி வைப்பது நம்மால் முடிந்தது. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுழலும்போது ஒருபக்கம் கனத்துத் தகடு ஆடும். பெயர் எழுதுவதானால் மென்முனைப் பேனாவால் நடுவளையத்தில் எழுதலாம்.

ஏற்கெனவே திணறும் தகட்டுக்கும் வழி உண்டு. முதலில் வேறு டிரைவ். ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடப்பதுதான். சாதாரணமாக நகலெடுத்தால் முதல் பிழையிலேயே கணினி கையை விரிக்கும். டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருள் அப்படிச் செய்வதில்லை: எளிதாகப் படிக்கக்கூடியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, விடுபட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு தகட்டை இன்னொரு டிரைவில் போட்டால், விடுபட்டதை மட்டும் அது தேடும். இரண்டு டிரைவும் அரைகுறையாகப் படித்ததிலிருந்து ஒரு முழு நகல் பிறப்பதுண்டு. பற்பசை போட்டுத் தேய்ப்பது பிளாஸ்டிக்கின் மேல் விழுந்த கீறலுக்கு ஒருவேளை உதவும். வெளுத்த சாயத்துக்கு எந்தப் பசையும் எட்டாது.

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுத்த காலத்தில் ஒவ்வொரு நகலும் முந்தையதைவிட மங்கலாக இருந்தது. மூலத்தின் முதுமையை நகலும் சுமந்தது. டிவிடியில் அப்படி இல்லை. பிழைகள் திருத்தக்கூடிய எல்லைக்குள் இருக்கும் வரை, எல்லையில் தொங்கும் தகட்டிலிருந்து எடுத்த நகலும் முதல் நாள் எழுதியதோடு ஒரு பிட் மாறாமல் பொருந்தும். பத்து ஆண்டு வெயிலும் கைரேகையும் அந்த நகலுக்கு வருவதில்லை. அதன் பிழைக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. எல்லையைத் தாண்டிய மறுநாள் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே, 'இன்னும் ஓடுகிறதே, அப்புறம் பார்க்கலாம்' என்று தகட்டை உள்ளே வைப்பவர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.